இளையோர் சேவைகளைக் கவுன்சில் ஒப்படைக்கும் முறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தில் யூத் கிளப், விடுமுறைக்கால நிகழ்ச்சிகள், இளையோருக்கான ஆலோசனை உதவி ஆகியவற்றில் பலவற்றைக் கவுன்சில்கள் (உள்ளூராட்சி மன்றங்கள்) இன்று தாமே நடத்துவதில்லை. வட்டாரத்தின் தேவையைக் கணித்து, பணம் ஒதுக்கி, தகுந்த அமைப்பைத் தேர்ந்து அதனிடம் பணியை ஒப்படைத்து, பின்னர் அதன் பலனைக் கண்காணிக்கின்றன. இந்த முழு நடைமுறையையும் அலுவலக வழக்கில் 'கமிஷனிங்' என்பார்கள். இதில் மேசையின் இரு பக்கங்களிலும், அதாவது முதலில் கவுன்சில் பணியிலும் பின்னர் சிறிய அமைப்புகளுக்கு வழிகாட்டும் பணியிலும், பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன்.

எங்கள் பகுதியில் இருந்த ஒரே யூத் கிளப்பைக் கவுன்சில் மூடப்போகிறது. 'இதை நடத்தச் சட்டப்படி எங்களுக்குக் கடமை எதுவும் இல்லை' என்று ஓர் அதிகாரி கூறினார். அது சரியா? (தென் லண்டன் வாசகர்)

அது பாதி மட்டுமே சரி. குறிப்பிட்ட ஒரு கட்டடத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்ற கடமை கவுன்சிலுக்கு இல்லை. ஆனால் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 2006இல் சேர்க்கப்பட்ட 507பி பிரிவின்படி, 13 முதல் 19 வயது வரையுள்ளோருக்கும், கற்றல் சிரமமோ மாற்றுத்திறனோ உடையவர்களாயின் 24 வயது வரையுள்ளோருக்கும், அவர்களுடைய நலனை மேம்படுத்தும் ஓய்வுநேரச் செயற்பாடுகள் போதிய அளவில் கிடைக்கும்படி செய்வது கவுன்சிலின் கடமை. 'நியாயமாக இயன்றவரை' என்னும் சொற்களும் அதே பிரிவில் இருப்பதால், பணமில்லை என்ற வாதத்துக்கு அங்கே இடம் கிடைத்துவிடுகிறது. 2010க்குப் பிறகு இங்கிலாந்தில் இளையோர் சேவைகளுக்கான உள்ளூராட்சிச் செலவு, விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால், 70 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது என்று ஒய்எம்சிஏ அமைப்பு தொடர்ந்து கணக்கிட்டு வெளியிட்டு வருவதற்கு இந்த நெகிழ்வும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

எனினும் இதே பிரிவு இளையோரின் கருத்தைக் கேட்டறிந்து கணக்கில் கொள்ளவும் கவுன்சிலைக் கட்டாயப்படுத்துகிறது. உங்கள் கையில் இருக்கும் வலுவான பிடி இதுவே. வட சாமர்செட் கவுன்சில் 2012இல் இளையோர் சேவைக்கான நிதியைக் குறைத்தபோது ஓர் இளைஞர் வழக்குத் தொடுத்தார். கவுன்சில் தன் சட்டக் கடமைகளை நிறைவேற்றத் தவறியது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் கூறியது. ஆனால் அதற்குள் அந்த நிதியாண்டே முடிந்துபோயிருந்ததால் முடிவை ரத்துச் செய்யவில்லை. ஆகவே காலம் தாழ்த்தாதீர்கள். அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவு பொதுவாகப் பெப்ரவரி, மார்ச்சில் நிறைவேறும்; அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே 'இளையோரிடம் எப்போது, எங்கே, எந்தக் கேள்விகளைக் கேட்டீர்கள்?' என்று எழுத்தில் கேளுங்கள். அந்த முடிவு வெவ்வேறு பிரிவினரை எப்படிப் பாதிக்கும் என்று ஆராயும் சமத்துவத் தாக்க மதிப்பீட்டின் பிரதியையும் கேட்டுப் பெறுங்கள்.

கவுன்சில் ஒன்றில் இளையோர் சேவைகளை ஒப்படைக்கும் பணியில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். முதல் ஒப்பந்தக் குறிப்பை, அதாவது பணியை ஏற்கும் அமைப்பு என்ன செய்ய வேண்டும் என்று வரையறுக்கும் ஆவணத்தை, எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? (மிட்லண்ட்ஸ் வாசகி)

உங்கள் மேசையில் ஏற்கெனவே மக்கள்தொகைக் கணக்கும், பள்ளியிலிருந்து விலக்கப்பட்டோர் எண்ணிக்கையும், காவல்துறைத் தரவுகளும் குவிந்திருக்கும். அவை எந்தத் தெருவில் தேவை மிகுதி என்று சொல்லும். அந்தத் தெருப் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று சொல்லமாட்டா. அதை அறிய, இப்போது நடந்துகொண்டிருக்கும் ஏதாவது ஒரு கிளப்பின் வாசலில் ஒரு மாலை முழுவதும் நின்று பாருங்கள்.

நான் அப்படி நின்ற ஒரு வியாழக்கிழமையை இன்றும் மறக்கவில்லை. மண்டபத்தின் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது பூல் மேசை. அதைச் சுற்றிப் பதினெட்டு வயதுப் பையன்கள் ஏழெட்டுப் பேர். பதினான்கு வயதிருக்கும் இரண்டு பெண்கள் கண்ணாடிக் கதவு வரை வந்தார்கள், உள்ளே பார்த்தார்கள், கைப்பேசியை எடுத்து எதையோ தேடுவதுபோல் சற்று நேரம் நின்றார்கள், பிறகு திரும்பிப் போய்விட்டார்கள். அன்றைய பதிவேட்டில் அவர்கள் இல்லை. ஆகவே அறிக்கையில், 'பெண்களுக்கு ஆர்வம் குறைவு' என்று எழுதப்பட்டிருக்கும். அடுத்த வாரம் அங்கிருந்த பணியாளர் மேசையைப் பின் அறைக்கு மாற்றி, வாசலருகே நாற்காலி போட்டுத் தானே அமர்ந்துகொண்டார். செலவு எதுவும் இல்லை. மூன்றாம் வாரம் அந்த இருவரும் உள்ளே வந்தார்கள்.

ஒப்பந்தக் குறிப்பில் எந்த அளவுகோலை வைக்கிறீர்களோ, சேவை அந்த அளவுகோலின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். இதை நான் பிழைசெய்து கற்றேன். ஒரு கவுன்சிலில் பணியாற்றியபோது, ஒவ்வொரு மாலையும் முப்பது பேர் வர வேண்டும் என்று எழுதினேன். பணியை ஏற்ற அமைப்பு நேர்மையாகவே அந்த எண்ணிக்கையைக் காட்டியது. ஆனால் வந்த முப்பது பேரும் ஏற்கெனவே கால்பந்து, நடனம் என்று எங்கும் துணிந்து போகக்கூடிய பிள்ளைகள். மண்டபத்துக்குப் பின்னாலிருந்த பேருந்து நிறுத்தத்தில் இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்த ஆறு பையன்களுக்காகத்தான் அந்தப் பணமே ஒதுக்கப்பட்டது. அவர்களிடம் ஒருவர் போய், எதையும் வற்புறுத்தாமல், பல மாதங்கள் பேசிப் பழகியிருக்க வேண்டும். அப்படித் தெருவுக்கே சென்று செய்யும் பணிக்கு என் குறிப்பில் இடமே இல்லை. இன்று எழுதினால், புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் முறையும் வந்தார்கள் என்று கேட்பேன். நின்றுபோனவர்கள் ஏன் நின்றார்கள் என்று கேட்பேன்.

ஒப்பந்தக் காலத்தையும் கவனியுங்கள். ஓராண்டு ஒப்பந்தம் என்றால், ஒன்பதாம் மாதத்தில் பணியாளர் வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவார். அவரை நம்பத் தொடங்கிய பிள்ளை மீண்டும் ஒரு பெரியவரால் கைவிடப்பட்டதாகவே உணரும். மூன்று ஆண்டும், தேவையெனில் மேலும் இரண்டு ஆண்டும் என்று அமைப்பதற்கு நிதித்துறையுடன் வாதாடுங்கள். அடுத்த ஆண்டும் அதே வாசலில் அதே மனிதர் நிற்பாரா என்ற கேள்வியைக் குறிப்பின் ஒவ்வொரு விதியிடமும் கேட்டுப் பாருங்கள்.

முழு வட்டாரத்தையும் ஒரே பெரிய ஒப்பந்தமாகக் கட்டினால் சிறிய அமைப்புகள் விண்ணப்பிக்கவே முடியாது. 2025 பெப்ரவரி 24 முதல் நடைமுறையில் உள்ள 2023ஆம் ஆண்டுக் கொள்முதல் சட்டம், சிறிய நிறுவனங்கள் எதிர்கொள்ளும் தடைகளைக் கருத்தில் கொண்டு அவற்றைக் களையவோ குறைக்கவோ முடியுமா என்று பார்க்கச் சொல்கிறது. இத்தகைய சமூகச் சேவைகளுக்கு நெகிழ்வான தனி விதிகளும் அதில் உண்டு. பணியைப் பகுதி பகுதியாகப் பிரிப்பதற்கு இவற்றைச் சான்றாகக் காட்டலாம்.

நாங்கள் தன்னார்வலர்கள் நடத்தும் சிறிய விளையாட்டுக் கழகம். கவுன்சிலிடம் மானியம் கேட்பதா, ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிப்பதா? (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

மானியம் என்பது நீங்கள் செய்ய விரும்பும் நற்பணிக்குத் தரப்படும் ஆதரவு. ஒப்பந்தம் என்பது கவுன்சில் தனக்குத் தேவையான பணியை உங்களிடமிருந்து வாங்குவது. முதலாவதில் பொதுவாக வாட் வரி எழாது; இரண்டாவதில் எழக்கூடும் என்பதால் கணக்காளரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் மானியத்தில் நடத்திக் கணக்கும் ஒழுங்கும் கைவந்த பின்னர், பெரிய அமைப்பு ஒன்றின் துணை ஒப்பந்தக்காரராகச் சேர்வதே பாதுகாப்பான வழி. தொடக்கத்துக்குத் தேசிய லாட்டரி நிதியத்தின் 'அவார்ட்ஸ் ஃபார் ஆல்' திட்டம் ஏற்றது. 300 முதல் 20,000 பவுண்ட் வரை அதில் கேட்கலாம்.

விலை குறிக்கும்போது நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பயிற்சியாளர் சம்பளத்தையும் மண்டப வாடகையையும் மட்டும் எழுதிவிட்டு, காப்புறுதி, கணக்குப் பரிசோதனை, பயிற்சி, மின்கட்டணம், மேற்பார்வை ஆகியவற்றை 'நாங்களே பார்த்துக்கொள்வோம்' என்று விட்டுவிடுகிறார்கள். பொதுப் பொறுப்புக் காப்புறுதியே 50 லட்சம் பவுண்டுக்கு வேண்டும் என்று கவுன்சில்கள் கேட்பது வழக்கம். உண்மைச் செலவு முழுவதையும் எழுதுங்கள். இல்லையெனில் அந்தச் சுமை பொருளாளரின் வீட்டு மேசைக்கே வந்து சேரும்.

எங்கள் தமிழ்ப் பள்ளியில் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். மாமா, அன்ரி என்று பிள்ளைகள் பழகும் இடத்தில் டிபிஎஸ் சோதனை (குற்றப் பின்னணிச் சோதனை) கேட்பது அவமதிப்பு என்று மூத்தவர்கள் வருந்துகிறார்கள். அவசியமா? (ஹாரோ வாசகி)

அவசியம். இதில் தயவுதாட்சண்யத்துக்கு இடமில்லை. வாரம் ஒரு முறையேனும் பிள்ளைகளுக்குத் தனித்துப் பொறுப்பேற்றுக் கற்பிப்பவரோ கவனிப்பவரோ, பிள்ளைகளோடு பணியாற்றத் தடைசெய்யப்பட்டோரின் பட்டியலும் சேர்ந்த உயர்நிலைச் சோதனைக்கு உட்பட்டவர். தடைசெய்யப்பட்ட ஒருவரைத் தெரிந்தே அப்பணியில் அமர்த்துவது, பாதிக்கப்படக்கூடிய பிரிவினரைக் காக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தன்னார்வலர்களுக்கு அரசு இச்சோதனைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. விண்ணப்பத்தை அனுப்பும் இடைநிலை அமைப்புகள் மட்டும் சிறு கட்டணம் கேட்கலாம்.

ஆனால் சான்றிதழ் சுத்தமாக வந்துவிட்டது என்பதால் பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்; அது இதுவரை அகப்பட்டதை மட்டுமே காட்டும். எல்லாரும் உறவு என்று பழகும் இடத்தில்தான் ஒரு பிள்ளைக்கு 'அந்த மாமாவைப் பற்றி'ப் பேசுவது மிகக் கடினம். யாரிடம் சொல்வது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளர் வேண்டும். அவர் தலைமை நிர்வாகியின் குடும்பத்தவராக இருக்கக் கூடாது. பணியாளர் அல்லது தன்னார்வலர் ஒருவர்மீது புகார் எழுந்தால், அதைக் கமிட்டிக்குள் பேசித் தீர்க்க முற்படாமல், ஒரு வேலைநாளுக்குள் இத்தகைய புகார்களைக் கையாளும், 'லாடோ' எனப்படும் கவுன்சில் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மூத்தவர்களிடம், முதல் விண்ணப்பத்தைத் தலைவரே நிரப்பிவிட்டு எடுத்துச் சொல்லட்டும்; மனவருத்தம் பெரும்பாலும் அங்கேயே தணியும்.

தமிழ் இளையோருக்கென்றே தனிச் சேவை நடத்த விண்ணப்பித்தோம். 'எல்லாருக்கும் பொதுவான சேவைகளுக்கே நிதி. தனி இனத்துக்குத் தருவது ஒற்றுமைக்கு எதிரானது' என்று மறுத்துவிட்டார்கள். (வடமேற்கு லண்டன் வாசகர்)

இதே வாதம் 2008இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றிருக்கிறது. ஈலிங் கவுன்சில், வன்முறைக்கு உள்ளான கறுப்பின, சிறுபான்மைப் பெண்களுக்கு உதவிவந்த 'சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ்' அமைப்புக்கான நிதியை, வட்டாரம் முழுமைக்குமான ஒரே பொதுச் சேவைக்கு மாற்ற முனைந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கவுன்சில் பின்வாங்கியது. ஆயினும் நீதிபதி மோசஸ் தீர்ப்பு எழுதினார். சிறுபான்மையினருக்கான சிறப்புச் சேவை, தேவை இருக்குமிடத்தில், சமத்துவத்துக்கும் ஒற்றுமைக்கும் துணைநிற்பதே என்பது அதன் சாரம்.

அத்தீர்ப்பு உங்களுக்கு நிதியைப் பெற்றுத்தராது. ஆராயாமல் மறுப்பதைத் தடுக்கும். தேவையை நீங்கள்தான் காட்ட வேண்டும். 'எங்கள் பண்பாட்டைக் காக்க' என்று எழுதுவதைவிட, வீட்டில் பெற்றோர் தமிழில் பேசும் துயரத்தையும் பள்ளியில் ஆங்கிலத்தில் கேட்கப்படும் கேள்வியையும் ஒரே பிள்ளை சுமப்பது எப்படி, போரின் இழப்பைப் பேசாத குடும்பங்களில் வளர்ந்தவர் பொதுவான ஆலோசனைச் சேவைக்கு ஏன் போவதில்லை, மனநலம் என்ற சொல்லைக் கேட்டாலே தாய் ஏன் கதவைச் சாத்துகிறாள் என்பவற்றை எழுதுங்கள். பிற இனப் பிள்ளை வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

பள்ளி விடுமுறையில் இலவச உணவுடன் நிகழ்ச்சி நடத்த நிதி உண்டாமே? (கிராய்டன் வாசகி)

உண்டு. 2018இல் முன்னோட்டமாகத் தொடங்கி, 2021 முதல் இங்கிலாந்து முழுவதும் நடைபெறும் 'விடுமுறைச் செயற்பாடும் உணவும்' திட்டத்தின்கீழ், அரசு தரும் நிதியைக் கவுன்சில்கள் உள்ளூர் அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. குறைந்த வருமானத்தின் அடிப்படையில் பள்ளியில் இலவச உணவு பெறும் பிள்ளைகளுக்கு உரியது. அமைப்புக்கு அமைப்பு சிறிது வேறுபட்டாலும், நாளுக்கு நான்கு மணி நேரம், வாரம் நான்கு நாள், ஆண்டில் ஆறு வாரம் என்பது அடிப்படைக் கணக்கு. உணவு பள்ளி உணவுத் தரத்துக்கு இசைந்ததாகவும் பெரும்பாலும் சூடானதாகவும் இருக்க வேண்டும். சோறு, பருப்பு, மரக்கறி அதில் நன்றாகவே அடங்கும். கோடைக்கான விண்ணப்பம் பல மாதங்கள் முன்னரே முடிந்துவிடும் என்பதால் இப்போதே விசாரியுங்கள்.

எனக்குப் பதினாறு வயது. புதிய யூத் கிளப்பை யார் நடத்துவது என்று தீர்மானிக்கும் குழுவில் இளையோர் பிரதிநிதியாகச் சேரும்படி கவுன்சில் அழைத்திருக்கிறது. உண்மையிலேயே என் பேச்சுக்கு மதிப்பிருக்குமா? (பெயர் தவிர்க்கப்பட்ட வாசகி)

போங்கள். ஆனால் போவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ரோஜர் ஹார்ட் என்பவர் யுனிசெஃப்புக்காக 1992இல் எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். அதன் கீழ் மூன்று படிகள் பங்கேற்பே அல்ல, வெறும் காட்சி என்றார். நீங்கள் எந்தப் படியில் நிற்கப்போகிறீர்கள் என்பது, விண்ணப்பித்த அமைப்புகளுக்கு மதிப்பெண் இடும் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இளையோர் குழுவின் மதிப்பெண் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு? ஒப்பந்தக் குறிப்பு எழுதி முடிந்துவிட்டதா, அல்லது நீங்கள் மாற்றச் சொன்னால் மாறுமா? பயணச் செலவு தருவார்களா? கூட்டம் பள்ளி முடிந்த பிறகு நடக்குமா?

விண்ணப்பித்த அமைப்புகள் உங்கள் முன் வரும்போது அழகிய படங்களைக் காட்டுவார்கள். அவற்றை ஒதுக்கிவைத்து, கிளப்பில் நாள்தோறும் நிற்கப்போகும் பணியாளரையே அழைத்து வரச் சொல்லுங்கள். அழுதுகொண்டு வரும் ஒரு பிள்ளையிடம் முதல் ஐந்து நிமிடங்களில் என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். அந்தப் பதிலை எங்களைவிட நீங்கள் சரியாக எடைபோடுவீர்கள். முடிவு வந்த பிறகு, நீங்கள் சொன்னவற்றில் எது ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்பதை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.