பள்ளி டைரியில் முதல் எண்

மதிப்பிற்குரிய அம்மா,

நான் ஈரோடு மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையின் மேலாளர், வயது 41. சென்ற மாதம் தணிக்கை நடந்துகொண்டிருந்த நாளில், பையனுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைத்தார்கள். பெட்டக அறைச் சாவி என்னிடம் இருந்ததால் உடனே கிளம்ப முடியவில்லை. போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. கிளையில் இருக்கும்போது வீட்டுக்கும், வீட்டில் இருக்கும்போது கிளைக்கும் துரோகம் செய்வதுபோல இருக்கிறது. என் கணவர் நல்லவர், கேட்டால் எதையும் செய்வார். இப்போது முதன்மை மேலாளர் பதவி உயர்வுக்கு விருப்பம் கேட்டிருக்கிறார்கள். பத்து நாளில் பதில் தர வேண்டும். கிடைத்தால் மாற்றலும் வரக்கூடும் என்பதால் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க நினைக்கிறேன். நேரத்தை இன்னும் நன்றாகத் திட்டமிட்டால் இரண்டையும் சமாளிக்க முடியுமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் ‘கேட்டால்’ என்ற சொல்லைத் தாண்டிப் போக எனக்கு வெகுநேரம் ஆயிற்று. உங்கள் கணவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எதை, எப்போது கேட்க வேண்டும் என்று நினைவில் வைத்திருப்பதும் ஒரு வேலைதான். அது முழுவதும் உங்களிடமே இருக்கிறது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிட்டார்கள். அந்த 97 நிமிடமும் ஆண்கள் அனைவருக்குமான சராசரி அன்று. வீட்டு வேலையில் கை வைப்பதாகச் சொன்ன, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆண்களின் சராசரி. பாத்திரம் துலக்கும் நிமிடங்களை இப்படி எண்ணிவிடலாம். தணிக்கையாளர் எதிரில் அமர்ந்திருக்கும்போதே ‘நாளைக்கு மாவு இருக்கிறதா’ என்று மனத்தில் ஓடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நானும் வங்கியில் மேலாளராக இருந்தவள். பெட்டக அறையின் ஒரு சாவி என்னிடமும் மற்றது தலைமைக் காசாளரிடமும் இருக்கும். விடுப்பில் போகும்போது பதிவேட்டில் தேதியும் நேரமும் எழுதி, வாங்குபவர் என் கண்ணெதிரே கையெழுத்திட்ட பிறகே சாவி கைமாறும். அதன் பின் அன்றைக்குப் பெட்டகத்துக்கு அவரே பொறுப்பு, நான் அதைப் பற்றி நினைக்கவும் வேண்டியதில்லை. வீட்டில் நான் ஒருநாளும் அப்படி எதையும் ஒப்படைத்ததில்லை. வேலையைப் பிரித்துக் கொடுத்தேனே தவிர, பொறுப்பு என்னிடமே இருந்தது. அதனால் வீட்டார் செய்தது ‘உதவி’ ஆயிற்று, தவறியது என் குற்றமாயிற்று.

அமெரிக்க ஆய்வாளர்கள் கிரீன்ஹாஸும் பியூட்டலும் 1985இல் எழுதிய கட்டுரையில், வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான மோதல் மூன்று வழிகளில் வருவதாகச் சொன்னார்கள்: நேரம் போதாமை, ஓரிடத்துச் சோர்வு இன்னோரிடத்தைத் தாக்குவது, ஓரிடத்தில் வேண்டிய நடத்தை இன்னோரிடத்தில் பொருந்தாமை. மேலாளராக இருக்கும் பெண்ணுக்கு மூன்றாவதுதான் அதிகம் வலிக்கிறது என்பது என் அனுபவம். பகலெல்லாம் ஒன்பது பேருக்கு வேலை ஒதுக்கி, தவறினால் விளக்கம் கேட்பவள், மாலையில் வீட்டில் அதே குரலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ‘ஆபீஸ் அதிகாரம்’ என்று பெயர் வந்துவிடுகிறது; அந்தப் பெயருக்கு அஞ்சியே நாம் சொல்லாமல் செய்துவிடுகிறோம்.

நேரத் திட்டம் பற்றிக் கேட்டீர்கள். 1972இல் டக்ளஸ் ஹால் என்பவர் படித்த பெண்கள் பல பொறுப்புகளை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். சிலர் தம்மிடம் எதிர்பார்ப்பவர்களோடு பேசி எதிர்பார்ப்பையே மாற்றிக்கொண்டார்கள். சிலர் தம் மனத்துக்குள் முன்னுரிமைகளை மாற்றிக்கொண்டார்கள். மற்றவர்கள் எல்லாவற்றையும் இன்னும் திறமையாகச் செய்துமுடிக்கப் பார்த்தார்கள். முதல் வகையினரிடம் மனநிறைவு கூடுதலாகவும், கடைசி வகையினரிடம் குறைவாகவும் இருந்தது. உங்கள் கேள்வி உங்களை அந்தக் கடைசி வகையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதனால்தான் உங்களுக்கு இன்னொரு அட்டவணை போட்டுத்தர எனக்கு மனமில்லை.

நிறுவனத்துக்கும் இதில் பங்குண்டு. மகப்பேறு நலச் சட்டத்துக்கு வந்த 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மகப்பேறு விடுப்பு 26 வாரமாயிற்று, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயமாயிற்று. பள்ளிக்குப் போகும் பையனின் காய்ச்சலுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. மாலை ஏழு மணிக்கு வட்டார அலுவலகம் வைக்கும் காணொலிக் கூட்டத்தை நேரத்தோடு வைக்கச் சொல்ல ஒருவர் வாய் திறந்தாக வேண்டும். அதையும் நீங்களே இன்றே செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்று செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பையனின் பள்ளி டைரியைத் திறந்து, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய முதல் எண்ணாக யாருடையது இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையதாக இருந்தால் அதை இரண்டாவதாக்கி, கணவரின் எண்ணை முதலில் எழுதுங்கள். பள்ளி வாட்ஸ்அப் குழுவிலும் அவரையே சேருங்கள். சாவியைக் கொடுப்பதுபோல, அவருக்குச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். முதல் மாதம் வண்ண உடை நாளில் பையன் சீருடையோடு போய் நிற்பான். அப்போது நீங்கள் குறுக்கே போகாமல் இருப்பதுதான் கடினம்.

பதவி உயர்வை நானும் ஒருமுறை மறுத்தேன். வீட்டில் யாரும் மறுக்கச் சொல்லவில்லை; யாரையும் கேட்காமலே, அவர்களுக்காக என்று நானே முடிவு செய்தேன். பல ஆண்டு கழித்துச் சொன்னபோது, ‘எங்களிடம் ஏன் சொல்லவில்லை’ என்று என் கணவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

பத்து நாள் இருக்கிறது, விருப்பம் தெரிவித்துவிடுங்கள். தேர்வாகி, மாற்றல் உத்தரவு கைக்கு வந்த பிறகு, எந்த ஊர், எத்தனை மணி நேரப் பயணம், பையனை யார் பார்ப்பது என்பதையெல்லாம் உங்கள் வீட்டார் அனைவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசட்டும். இன்னும் வராத மாற்றலுக்காக, அவர்களைக் கேட்காமல், இன்றே மறுத்து எழுதாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா