700 கிராம் பார்சலுக்கு 3 கிலோ கட்டணம் ஏன்?

கேள்வி: துணிப் பொம்மைகளைக் கையால் தைத்து இணையத்தில் விற்கிறேன். 30 × 25 × 20 செ.மீ. அட்டைப்பெட்டியில் ஒரு பொம்மையை வைத்து அனுப்புகிறேன். பெட்டியோடு சேர்த்தே 700 கிராம்தான். ஆனால் கூரியர் நிறுவனம் 3 கிலோவுக்கு பில் போடுகிறது. வாடிக்கையாளரிடம் ஒரு கிலோவுக்கான தொகையைத்தான் வாங்குகிறேன். மீதி என் கையைக் கடிக்கிறது. இது முறைதானா? குறைக்க வழி உண்டா?

பதில்: முறைதான். பில்லில் பிழை இல்லை, குறைக்கவும் வழி இருக்கிறது. கட்டணத்தை ஏற்றுவது உங்கள் பொம்மை அல்ல, அதைச் சுற்றியிருக்கும் காற்று.

கூரியர் நிறுவனங்கள் ஒவ்வொரு பார்சலுக்கும் இரண்டு எடை பார்க்கின்றன. ஒன்று தராசு காட்டுவது. மற்றொன்று வால்யூமெட்ரிக் எடை: நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் கிலோவில் வருவது. இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். உங்கள் பெட்டி 15,000 கன செ.மீ. அதை 5000 ஆல் வகுத்தால் சரியாக 3 கிலோ.

விமானமானாலும் லாரியானாலும், எடை வரம்பை எட்டும் முன்பே இடம் நிறைந்துவிடுவதுண்டு. இடத்தை அடைக்கும் பார்சலுக்கு அந்த இடத்துக்கான காசைக் கேட்பதே இந்தக் கணக்கு. விமானச் சரக்கில் இது பழைய வழக்கம். இணைய விற்பனை பெருகியபின் தரைவழிக்கும் பரவியது. அமெரிக்காவில் 3 கன அடிக்குக் குறைந்த தரைவழிப் பார்சல்களுக்கு முன்பு இந்தக் கணக்கு கிடையாது. 2014 டிசம்பர் இறுதியில் யூபிஎஸ்ஸும் 2015 ஜனவரியில் ஃபெடெக்ஸும் எல்லாப் பெட்டிகளுக்கும் இதைக் கொண்டுவந்தன.

மனத்தில் வைத்துக்கொள்ள எளிய கணக்கு ஒன்று: 5000 என்ற வகு எண்ணில், ஒரு லிட்டர் இடத்துக்கு 200 கிராம். அதைவிட அடர்த்தியான புத்தகம், சோப்பு போன்றவற்றை விற்பவர்கள் தராசை மட்டும் பார்த்தால் போதும். பொம்மை, தலையணை, கூடை, விளக்குக் கூடு விற்பவர்கள் அளவு டேப்பைத்தான் முதலில் எடுக்க வேண்டும். வகு எண் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றல்ல. 4000, 6000 என்றும் இருக்கின்றன. எண் பெரியதாக இருந்தால் உங்களுக்கு லாபம். 6000 ஆல் வகுத்தால் இதே பெட்டி 2.5 கிலோதான். கிலோவுக்கு என்ன விலை என்று மட்டும் கேட்டு ஒப்பந்தம் போடுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இனி உங்கள் பெட்டிக்கு வருவோம். துணிப் பொம்மை உடையாது. அதற்கு அட்டைப்பெட்டியே தேவையில்லை. கெட்டியான கூரியர் பை போதும். பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றியபின் 26 × 20 × 15 செ.மீ. வருகிறது என்று கொள்வோம். 7800 கன செ.மீ., அதாவது 1.56 கிலோ. பல நிறுவனங்கள் அரை கிலோ அரை கிலோவாக மேல்நோக்கி முழுமையாக்குவதால் இது 2 கிலோவாகிவிடும். நீளத்தில் ஒரே ஒரு செ.மீ. குறைத்து 25 ஆக்குங்கள்: 7500, சரியாக 1.5 கிலோ. அந்த ஒரு செ.மீ.க்கு விலை அரை கிலோ! ஆகவே பொதுவாகச் சிறியதாக்கப் பார்ப்பதைவிட, எந்தப் படிக்குக் கீழே இறங்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு அதற்கேற்ற பையைத் தேடுங்கள். ஒரு கிலோ படிக்கு 5000 கன செ.மீ., ஒன்றரைக்கு 7500, இரண்டுக்கு 10,000.

ஆனால் விளிம்பிலேயே நிற்காதீர்கள். பல கூரியர் மையங்களில் பார்சலை ஸ்கேனர்தான் அளக்கிறது. பை எங்கே மிக அதிகமாகப் புடைத்திருக்கிறதோ அந்த இடமே அதற்கு உயரம். ஒரு மூலையில் பை உப்பிக்கொண்டிருந்தால் நீங்கள் சேமித்தது அங்கேயே போய்விடும். உருளையானாலும் தப்ப முடியாது, அது அடங்கக்கூடிய செவ்வகப் பெட்டியாகத்தான் கணக்காகும். அட்டைப்பெட்டி வாங்கும்போதும் கவனம் வேண்டும். விற்பவர்கள் பெரும்பாலும் உள்ளளவைச் சொல்வார்கள், கூரியர் அளப்பது வெளியளவை. மூன்றடுக்கு அட்டையின் தடிமன் சுமார் 3 மி.மீ.; மேலும் கீழும் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் உயரத்தில் மட்டும் ஒரு செ.மீ.க்கு மேல் கூடிவிடும்.

வாக்யூம் பையில் அடைத்து உயரத்தை 9 செ.மீ.க்குக் கொண்டுவர முடிந்தால், 25 × 20 × 9 என்பது 4500 கன செ.மீ. ஒரு கிலோவுக்குள் வந்துவிடும், கொஞ்சம் இடைவெளியும் மிஞ்சும். இதை உடனே எல்லாப் பொம்மைகளுக்கும் செய்துவிடாதீர்கள். ஒன்றை அடைத்து, பார்சல் வழியில் இருக்கக்கூடிய நாள்கள் வரை அப்படியே வைத்திருந்து பிரித்துப் பாருங்கள். செயற்கைப் பஞ்சு பெரும்பாலும் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். முகத்தில் தைத்த வேலைப்பாடு கசங்கினால், கூடுதல் கட்டணம் கொடுத்தாவது உயரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். நசுங்கிய முகத்தோடு போய்ச் சேரும் பொம்மை திரும்பி வந்தால், கட்டணம் இரண்டு முறை உங்கள் தலையில் விழும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் அஞ்சல் துறையைக் கட்டாயம் விசாரியுங்கள். உலக அஞ்சல் ஒன்றிய விதிப்படி, சிறு பாக்கெட் 2 கிலோ வரை இருக்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றின் கூட்டுத்தொகை 90 செ.மீ.க்கு மிகாமலும், எந்தப் பக்கமும் 60 செ.மீ.க்கு மிகாமலும் இருக்க வேண்டும். உங்கள் பழைய பெட்டியின் கூட்டுத்தொகையே 75 செ.மீ.தான். தராசு எடைக்கு மட்டும் கட்டணம் வாங்கும் அஞ்சல் சேவை கிடைத்தால், அங்கே அது வெறும் 700 கிராம் பார்சல். அதற்காக எல்லா அஞ்சல் சேவையும் அளவைப் பார்க்காது என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனின் ராயல் மெயில் 2006 ஆகஸ்ட் முதலே தடிமனையும் பார்க்கிறது. பெரிய கடிதம் 25 மி.மீ.யைத் தாண்டினால் பார்சல் கட்டணம்தான்.

வாடிக்கையாளரிடம் எவ்வளவு வாங்குவது? விற்பனைத் தளத்தில் பொம்மையின் எடையைப் பதிந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்குப் பதிலாகக் கட்டி முடித்த பார்சலின் எடை, அளவு இரண்டையும் பதியுங்கள். ஒரே ஆர்டரில் இரண்டு பொம்மைகள் போனால் தளம் எப்படிக் கூட்டுகிறது என்றும் சோதித்துப் பாருங்கள். இரண்டு தனிப் பார்சலுக்கான தொகையைக் காட்டினால் வாங்க வந்தவர் திரும்பிவிடுவார். அவற்றை ஒரே பையில் போட்டு அளந்து, அந்தச் சேமிப்பில் ஒரு பங்கை அவருக்குக் கொடுப்பதே நல்லது.

கடைசியாக, பையை ஒட்டியதும் அளவு டேப்பை மூன்று பக்கமும் வைத்து ஒவ்வொரு படமும், தராசின் மேல் வைத்து ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பார்சல் எண் தெரியும்படி இருக்கட்டும். பில் வந்த அன்றே அவர்கள் போட்ட அளவோடு ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் முறையிட ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட கெடு இருக்கும். அது கடந்துவிட்டால் படம் கையில் இருந்தும் பணம் திரும்ப வருவது கடினம்.