தூண்டில் பெட்டியை மூடிவையுங்கள்: கோகனி மீனுக்கு நிறம் கடைசி

கேள்வி: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், கெலோனாவில் இருக்கிறேன். சின்னப் படகு, கையால் சுற்றும் டவுன்ரிக்கர் (குண்டு கட்டித் தூண்டில் நரம்பை ஆழத்துக்கு இறக்கும் கருவி), பிங்க் ஹூச்சி (கணவாய் வடிவப் பொய்யிரை). ஜூன் வரை ஒக்கனாகன் ஏரியில் கோகனி ஓரளவு கிடைத்தது. ஜூலை பிறந்ததும் நின்றுவிட்டது. ஃபிஷ் ஃபைண்டரில் (தண்ணீருக்குள் மீனைக் காட்டும் கருவி) கூட்டம் தெரிகிறது, ஆனால் கடிப்பதில்லை. இருக்கிற எல்லா நிறமும் போட்டுப் பார்த்துவிட்டேன். வேறு என்ன மாற்றலாம்?

பதில்: நிறத்தை விட்டுவிடுங்கள். ஆழம், படகின் வேகம், லீடரின் (ஹூச்சியைக் கட்டும் கடைசி நரம்புத் துண்டு) நீளம் மூன்றையும் சரிபார்த்த பிறகு அதற்கு வரலாம்.

கோகனி என்பது கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழ்ந்து முடிக்கும் சாக்கை சால்மன். அதன் சாப்பாடு பெரும்பாலும் டாப்னியா மாதிரி, புள்ளி அளவேயான மிதவையுயிர்கள். அப்படிப்பட்ட மீன் ஹூச்சியைக் கவ்வுவது பசியில் அல்ல, எரிச்சலில்தான் என்பது என் கணிப்பு. எரிச்சலைக் கிளப்புவது ஹூச்சியின் துள்ளல்.

கோகனிக்குப் பிடித்த நீர் 10 முதல் 13 டிகிரி வரை. ஜூலையில் மேல்நீர் 20 டிகிரியைத் தாண்டுவதால் கூட்டம் கீழே இறங்கிவிடும். விடியற்காலையில் சற்று மேலே நிற்பதும் வெயில் ஏற ஏற இறங்குவதும் வழக்கம். ஆறு மணிக்கு வைத்த ஆழத்திலேயே ஒன்பது மணிக்கும் இழுத்துக்கொண்டிருக்காதீர்கள். ஹூச்சி கூட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே போகட்டும், கீழே வேண்டாம்.

அடுத்தது வேகம். மணிக்கு 1.5 முதல் 2.5 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். எண்ணைப் பார்ப்பதைவிட டாட்ஜரை, அதாவது ஹூச்சிக்கு முன்னால் கட்டும் உலோகத் தகட்டைப் பாருங்கள். டவுன்ரிக்கர் குண்டில் மாட்டுவதற்கு முன் படகின் பக்கத்திலேயே தண்ணீரில் விட்டுப் பாருங்கள். நாய் வாலாட்டுவது போல இடமும் வலமும் ஆட வேண்டும். முழுச்சுற்று சுற்றினால் வேகம் அதிகம். சோம்பலாகத் தொங்கினால் குறைவு.

எந்த வேகம் அன்றைக்குப் பிடிக்கிறது என்பதை மீனே சொல்லும். நேர்கோட்டில் ஓட்டாமல் பாம்பு போல வளைந்து வளைந்து ஓட்டுங்கள். வளையும்போது உள்பக்க நரம்பு மெதுவாகித் தாழும், வெளிப்பக்க நரம்பு வேகமெடுத்து உயரும். வெளிப்பக்கத்தில் கடித்தால் வேகத்தைக் கூட்டுங்கள், உள்பக்கத்தில் கடித்தால் குறையுங்கள். இரண்டே கடியில் விஷயம் தெரிந்துவிடும்.

பலரும் கவனிக்காதது லீடர். ஹூச்சிக்கு என்று சொந்த ஆட்டம் கிடையாது, டாட்ஜர் உதறுவதுதான் அதன் ஆட்டம். லீடர் நீளமானால் அந்த உதறல் வழியிலேயே செத்துவிடும். டாட்ஜரின் நீளத்தைப் போல இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு போதும், 15 செ.மீ. டாட்ஜருக்கு 30 முதல் 38 செ.மீ. கடிக்காவிட்டால் ஐந்து செ.மீ. குறைத்துப் பாருங்கள். மெல்லிய நரம்பைவிடக் கொஞ்சம் விறைப்பான நரம்பு உதறலை நன்றாகக் கடத்தும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால், கடித்தாலும் எதனால் கடித்தது என்று தெரியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏரியில் படகில் தனியாகப் போனால் இரண்டு தூண்டில் போடலாம். ஒன்றை அப்படியே வைத்துவிட்டு மற்றதில் சோதியுங்கள். எந்த ஏரியில் கோகனிக்கு அனுமதி, எத்தனை எடுக்கலாம், இரை போடலாமா என்பதை மட்டும் அந்த வருட விதிகளில் பார்த்துவிடுங்கள். இரைக்குத் தடை இல்லாவிட்டால் முள்ளில் வெள்ளை மக்காச்சோள மணி ஒன்றைக் குத்துங்கள், டியூனா எண்ணெயிலோ பூண்டிலோ ஊறவைத்ததாக இருந்தால் நல்லது. வாசனை தண்ணீரில் கரைந்துபோகும், அடிக்கடி மாற்றுங்கள்.

கடித்த பிறகு அவசரம் வேண்டவே வேண்டாம். கோகனியின் வாய் ஈரத்தாள் மாதிரி, வெடுக்கென்று இழுத்தால் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். நன்றாக வளையும் மென்மையான தூண்டில் கழி, தளர்த்திய டிராக் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் பிடிப்பு), நீண்ட பிடி வைத்த வலை மூன்றும் கட்டாயம்.

சரி, இத்தனையும் பார்த்தாயிற்று, இன்னும் கடிக்கவில்லையா? இப்போது பெட்டியைத் திறங்கள். தண்ணீரில் முதலில் மங்கும் நிறம் சிவப்பு. 20 மீட்டரில் சாதாரணச் சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும். அந்த ஆழத்தில் இருட்டில் ஒளிரும் பச்சையையோ, புற ஊதாப் பூச்சு உள்ள பிங்க்கையோ போடுங்கள்.