ஒரு ஊசி போட்டாச்சே, மறுபடி எதற்கு?

“50 நாள் நாய்க்குட்டிக்கு ஒரு தடுப்பூசி போட்டோம். மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார் டாக்டர். அதற்குப் பிறகும் ஊசி உண்டாம். நிஜமாகவே தேவையா, இல்லை பணம் பார்க்கிற வேலையா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதே சந்தேகம் எனக்கும் இருந்தது. அதில் ஒரு குட்டியைப் பறிகொடுத்தேன்.

சிப்பிப்பாறைக் குட்டி, பெயர் பட்டாணி. ஏழாவது வாரத்தில் முதல் ஊசி போட்டோம். அடுத்த தேதி வந்தபோது வீட்டில் கல்யாண வேலை. ஒன்றுதான் போட்டாச்சே என்ற தைரியத்தில் தள்ளிப்போட்டேன், தெருவிலும் விட்டேன். மூன்று மாதம் முடியும் முன்னால் ஒருநாள் காலையில் சாப்பாட்டைத் தொடவில்லை. நுரை நுரையாக வாந்தி. செரிக்கவில்லை போலிருக்கிறது என்று அம்மா ஓமத்தண்ணீர் புகட்டினார். மறுநாள் ரத்தமாகப் பேதி. அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றியும் பலனில்லை. பார்வோ வைரஸ்.

“ஊசி போட்டிருந்தோமே டாக்டர்” என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் உங்கள் கேள்விக்கும் பதில். குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கிற சீம்பாலில் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கலந்து வருகிறது. முதல் சில வாரங்கள் குட்டியைக் காப்பாற்றுவது அதுதான். ஆனால் அதே சக்தி தடுப்பூசியில் இருக்கும் வலுக்குறைந்த வைரஸையும் விட்டுவைக்காது, வேலை செய்யும் முன்பே முடக்கிவிடும். தாய் கொடுத்தது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒன்றுக்கு எட்டாவது வாரம், இன்னொன்றுக்குப் பதினாலாவது வாரம். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒன்றாக, குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரை போடுகிறார்கள். ஏதாவது ஒன்று சரியான நேரத்தில் விழட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. அதில் 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ போடுகிற ஊசியைத் தவறவே விடக்கூடாது. நடுவில் ஒரு கெட்ட காலமும் இருக்கிறது: தாயின் சக்தி ஊசியைத் தடுக்கிற அளவுக்கு மிச்சம் இருக்கும், தெருவில் இருக்கும் வைரஸைத் தடுக்கிற அளவுக்கு இருக்காது. பட்டாணி போனது அப்போதுதான்.

குப்பியின் மேல் செவன் இன் ஒன், நைன் இன் ஒன் என்றெல்லாம் போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். முக்கியமானவை பார்வோ, மூச்சையும் நரம்பையும் தாக்கும் டிஸ்டெம்பர், கல்லீரலைத் தாக்கும் அடினோ வைரஸ், அப்புறம் லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல். லெப்டோவின் உள்வகைகளைத் தனித்தனியாக எண்ணுவதால்தான் அந்த எண் ஏறிக்கொண்டே போகிறது. எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரில் வருகிற நோய் அது, மனிதர்களுக்கும் தொற்றும். எலி நடமாட்டம் உள்ள வீடு என்றால் அதை விடாதீர்கள்.

ரேபிஸ் ஊசி தனி. மூன்று மாதம் ஆனதும் போட வேண்டும். அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள். ஜூலை 6ஆம் தேதி பல ஊர்களில் இலவசமாகவே போடுகிறார்கள். 1885இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் ரேபிஸ் தடுப்பூசி போட்ட நாள் அது. நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் அது கடித்தால், பல் பட்டுக் கீறினால்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். குட்டிதானே என்று விடாதீர்கள். தொப்புளைச் சுற்றி ஊசி என்பதெல்லாம் பழைய கதை, இப்போது கையில்தான் போடுகிறார்கள். அறிகுறி தெரிந்த பிறகு ரேபிஸைக் குணப்படுத்த மருந்து இல்லை.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். குட்டிப் பருவ ஊசிகளில் கைவைக்காதீர்கள். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் பிறகு வழி இருக்கிறது. வரிசையாக எல்லாம் போட்டு, ஆறு மாதத்திலோ ஒரு வயதிலோ ஒரு பூஸ்டரும் போட்டுவிட்டால், பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் எதிரான பாதுகாப்பு மூன்று வருடமாவது நிற்கும். லெப்டோ வருடாவருடம் வேண்டும், ரேபிஸும் நம் ஊரில் அப்படித்தான் போடுகிறார்கள். “எல்லாமே வருடாவருடம் வேண்டுமா?” என்று டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மெடிக்கல் ஷாப்பில் குப்பி வாங்கி, தெரிந்த ஆளை வைத்துப் போட்டுக்கொள்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. வெயிலில் பையில் வந்தால் அது வெறும் தண்ணீர்தான். டாக்டரிடமே போங்கள். மருந்தைக் கண்ணெதிரே கலந்து போட்டு, குப்பி ஸ்டிக்கரை உங்கள் ஊசிப் புத்தகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பேதியோ காய்ச்சலோ இருக்கும்போது போடக்கூடாது. போட்ட பிறகு கால் மணி நேரம் அங்கேயே இருங்கள், சில குட்டிகளுக்கு முகம் வீங்கும். அன்று முழுக்கத் தூங்கி வழிந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

பட்டாணி போன பிறகு வீடு முழுக்க பினாயில் ஊற்றிக் கழுவினோம். பார்வோ அதற்கெல்லாம் அசையாதாம், பிளீச்சிங் தண்ணீர்தான் வேண்டும் என்றார் டாக்டர். தோட்டத்து மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடம்கூட இருக்குமாம். ஒரு வருடம் பொறுத்துத்தான் அடுத்த குட்டியை எடுத்தோம். அதற்கு 8, 12, 16 வாரம் என்று தேதி தவறாமல் போட்டேன். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும் வரை வெளியே தூக்கிக்கொண்டுதான் போனேன். வண்டிச் சத்தம், ஆள் கூட்டம் எல்லாம் மடியிலிருந்தே பழகிக்கொண்டது, தரையில் விடவில்லை. தெருவில் சிரித்தார்கள், சிரிக்கட்டும். இப்போது அவனுக்கு நாலு வயது. ஊசிப் புத்தகத்தை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான்.