தோப்புக்குள் ரோட்டரி ஸ்லாஷர்: வெட்டும் உயரம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. டிராக்டரில் மாட்டிப் புல் வெட்டும் ஐந்தடி ரோட்டரி ஸ்லாஷர் வாங்கியிருக்கிறேன். எந்த உயரத்தில் வெட்டலாம்? அதை எப்படி வைப்பது?

பதில்: தென்னைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் போதும், தம்பி. கல் கிடக்கிற நிலமென்றால் ஆறுக்குக் கீழே வேண்டாம்.

உயரத்தைத் தோப்புக்குள் நின்று வைக்காதீர்கள். கொப்பரை காயப்போடும் சிமென்ட் களத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். ஸ்லாஷரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டை விடுவித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிளேடு சுற்றி ஓயும்வரை இறங்க வேண்டாம். பிறகு மரக்கட்டைகளை அடுக்கி அதன்மேல் ஸ்லாஷரை இறக்கி உட்காரவையுங்கள். வெறும் ஹைட்ராலிக்கை நம்பி ஒருபோதும் அடியில் கைவிடக் கூடாது. லீவரில் ஒரு குழந்தை கைவைத்தால் போதும், மொத்த எடையும் கைமேல் இறங்கிவிடும்.

அளக்க வேண்டியது பிளேடின் வெட்டு முனையிலிருந்து தரைவரை. பலரும் தகட்டின் விளிம்பை அளந்துவிட்டு, 'ஐந்து வைத்தேன், ஐந்தில் வெட்டவில்லை' என்று வருகிறார்கள். ஒரு பிளேடை முன்னோக்கி நீட்டி அளந்துகொள்ளுங்கள். அதையே பின்னோக்கித் திருப்பி மறுபடி அளங்கள். முன்பக்கம் பின்பக்கத்தைவிட அரை முதல் முக்கால் அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். அப்படியிருந்தால் புல் ஒரே வெட்டில் விழுந்து பின்னால் போய்விடும். பின்பக்கம் தாழ்ந்தால் வெட்டிய புல்லையே பிளேடு திரும்பத் திரும்ப அடிக்கும். தூள் நன்றாக வரும், ஆனால் எஞ்சின் திணறும், டீசலும் கூடும். முன் உயரத்தை, கீழே இறங்காமல் பிடிக்கும் செக் செயினிலோ லீவரின் தடுப்பிலோ நிறுத்துங்கள். பின் உயரத்துக்கு வால் சக்கரத்தின் போல்ட் துளையை மாற்ற வேண்டும்.

கேள்வி: வலப்பக்கம் ஒட்ட வெட்டுகிறது, இடப்பக்கம் புல் நிற்கிறது.

பதில்: முதலில் இரண்டு பின் டயரிலும் காற்று சமமா என்று பாருங்கள். அடுத்து வலப்பக்கத் தூக்குக் கம்பியில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றி மட்டம் செய்யுங்கள்.

கேள்வி: மேடுபள்ளத்தில் அலை அலையாக வெட்டுகிறது, ஐயா. எவ்வளவு சரிசெய்தும் போகவில்லை.

பதில்: ஸ்லாஷரை டிராக்டரோடு மேலே இணைக்கும் டாப் லிங்க் கம்பியை இறுக்கி வைத்திருப்பீர்கள். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது வால் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். ஸ்லாஷரின் பக்கம் டாப் லிங்க் மாட்டும் ஆடுபட்டை முன்னும் பின்னும் ஆட இடம் கொடுங்கள். டிராஃப்ட் லீவரையும் பாருங்கள். இழுவைக்கு ஏற்ப ஆழத்தை மாற்றும் அது கலப்பைக்கு உரியது. இந்த வேலைக்கு, உயரத்தை ஒரே நிலையில் வைக்கும் பொசிஷன் லீவர்தான்.

கேள்வி: மாந்தோப்புக்கு எத்தனை அங்குலம்?

பதில்: அதே நான்கு முதல் ஆறு. தாழ்ந்த கிளை சைலன்சரில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மானியம் உண்டா?

பதில்: வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். உழவன் செயலியிலும் பார்க்கலாம்.

கேள்வி: புல் அறுபடாமல் பிய்ந்துபோகிறது. உயரத்தைக் குறைக்கவா?

பதில்: உயரத்தைத் தொடாதீர்கள். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று ஓட வேண்டும். எஞ்சின் மீட்டரில் அதற்கு அடையாளமே போட்டிருப்பார்கள். டீசல் மிச்சமென்று அதற்குக் கீழே ஓட்டினால் புல் பிய்யத்தான் செய்யும். பிளேடு மழுங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்துத் தீட்டி, எடைபோட்டுச் சமமாக்குங்கள். ஒன்றை மட்டும் தீட்டினால் அதிர்வு கியர்பாக்ஸைத் தின்றுவிடும். பிளேடைக் கழற்றும்போதும் அடியில் கட்டை இருக்க வேண்டும்.

கேள்வி: ஸ்லாஷரே வீண் செலவு என்பேன். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் விட்டால் களை வேரோடு போகும். புல்லை நிற்கவிட்டால் தென்னைக்குப் பாய்ச்சும் தண்ணீரை அது குடித்துவிடாதா?

பதில்: குடிக்கும். அதனால்தான் புல் பூப்பதற்கு முன்பே வெட்டச் சொல்கிறேன், வெட்டியதை மரத்தைச் சுற்றிய வட்டப்பாத்தியில் மூடாக்காகப் போடச் சொல்கிறேன். ஆனால் தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். மரத்தைச் சுற்றி ஆறடிக்குள் உரம் வைப்பதே அங்கே வேர் நெருக்கமாக இருப்பதால்தான். அதற்குள் ரோட்டவேட்டரை விட்டுவிட்டு, குரும்பை கொட்டுகிறது என்று மருந்துக் கடைக்குப் போகிறீர்கள். கோரைக் கிழங்கோ துண்டுபட்டுத் தோப்பு முழுக்கப் பரவும். பருவமழையை ஒட்டி இடைவெளியில் மேலாக உழுவதை நான் எதிர்க்கவில்லை. மாதாமாதம் கிளறுவதைத்தான் எதிர்க்கிறேன்.

மறுகேள்வி: வெட்டிய புல் மக்கினால் காண்டாமிருக வண்டு வருமே?

பதில்: அந்த வண்டு முட்டையிடுவது எருக்குழியிலும் மக்கிய தென்னை மரத்திலும். மெல்லியதாகப் பரப்பிய புல் இரண்டு நாள் வெயிலில் காய்ந்துவிடும், குவித்துவைத்தால்தான் ஆபத்து. பட்டுப்போன மரத்தை வெட்டித் தோப்பிலேயே போட்டுவைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

வேறொருவர்: எங்கள் தோப்பில் வருடக்கணக்காக ரோட்டவேட்டர்தான். காய்ப்பு குறையவில்லை.

பதில்: உங்கள் மண் வண்டலாக இருக்கலாம், தண்ணீரும் தாராளமாக இருக்கலாம். ஒரு கோடையில் கிணறு வற்றட்டும், உழுத தோப்பும் மூடாக்குப் போட்ட தோப்பும் எப்படி நிற்கின்றன என்று நேரில் பாருங்கள். வட்டப்பாத்தியை மட்டுமாவது விட்டுவைக்கும்படி உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: ஷியர் போல்ட் அடிக்கடி அறுந்துபோகிறது. கெட்டியான போல்ட் போடலாமா?

பதில்: கூடாது. கல்லிலோ கட்டையிலோ அடிபடும்போது அறுந்து கியர்பாக்ஸைக் காப்பதுதான் அந்த போல்ட்டின் வேலை. அடிக்கடி அறுந்தால் உயரத்தை ஏற்றுங்கள். உள்ளே போவதற்கு முன் மட்டையையும் நெற்றையும் பொறுக்கிவிடுங்கள், சொட்டுநீர்க் குழாயையும் ஓரமாக எடுத்துப் போடுங்கள்.

கேள்வி: இரண்டு அங்குலத்துக்கு இறக்கினால் அடுத்த வெட்டு தள்ளிப்போகுமே?

பதில்: இதே கேள்வி வேறு வேறு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. தள்ளிப்போகாது. இரண்டில் ஓட்டினால் மேட்டில் பிளேடு மண்ணைச் சீவும், கல் தெறிக்கும். சீவிய இடம் வெறும் தரையாகிவிடும். அங்கே முதலில் முளைப்பது பார்த்தீனியம். புல் மூடியிருந்தால் அதற்கு அவ்வளவு இடம் கிடைக்காது. கல் தெறிக்காமல் ஸ்லாஷரின் முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலித் தடுப்பு இல்லாத வண்டியென்றால் அதை மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், ஆட்களையும் ஆடுமாடுகளையும் தோப்புக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். இறக்கித்தான் பார்ப்பேன் என்றால் நான்கில் நிறுத்துங்கள், கட்டைமேல் உட்காரவைத்து அளந்து.