குளியலறைச் சிலந்தி – கடிதம்

அன்புள்ள ஐயா,

மழை தொடங்கியதிலிருந்து எங்கள் குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எட்டுக்கால் பூச்சி இருக்கிறது. வயிற்றுக்கடியில் வெள்ளை வில்லை ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சென்ற வாரம் என் மகளின் கழுத்தில் கோடு இழுத்தாற்போலக் கொப்புளம் கிளம்பியது. இதன் எச்சில் பட்டதுதான் காரணம், அடித்துப் போடு என்கிறார் மாமியார். அடித்துவிடலாமா?

கல்யாணி, கும்பகோணம்

அன்புள்ள கல்யாணி,

அடிக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது ஹெட்டிரோபோடா வெனடோரியா என்னும் வேட்டைச் சிலந்தி. வலை பின்னாது, பகலில் சுவரோடு சுவராகத் தட்டையாக ஒட்டிக்கிடந்து, இரவில் கரப்பான்பூச்சிகளைத் துரத்திப் பிடிக்கும். முகத்தின் கீழ்விளிம்பில் வெளிர்மஞ்சள் பட்டை ஒன்று தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், ஐயம் தீர்ந்துவிடும். அந்த வெள்ளை வில்லை முட்டைப்பை. குஞ்சு பொரியும்வரை தாய் அதைக் கீழே வைக்காமல் சுமந்து திரியும். கையால் அழுத்திப் பிடித்தால் கடிக்கக்கூடும், கடித்த இடம் வலிக்கும், அவ்வளவுதான்.

கொப்புளத்துக்கு வருகிறேன். சிலந்தி தன் செரிமானச் சாற்றை இரையின் மீதுதான் விடுமே தவிர, நம் தோலின் மீது ஊர்ந்துபோகையில் எச்சில் வைத்துவிட்டுப் போவதில்லை. மழைக்காலத்தில், அதுவும் வயல் சூழ்ந்த உங்கள் ஊரில், கோடுபோல எழும் கொப்புளத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது பெடெரஸ் என்ற வண்டைத்தான். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான, எறும்பைப் போல ஒல்லியான, செம்மஞ்சளும் கறுப்பும் மாறிமாறி வரும் உடல். நெற்பயிரில் புகையான் என்னும் பூச்சியைத் தின்று உழவருக்கு நன்மை செய்வது, இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் வந்துவிடும். அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. கழுத்தில் ஏதோ ஊர்கிறதே என்று தூக்கத்தில் தேய்த்து நசுக்கும்போது அதன் உடலிலுள்ள பெடெரின் என்னும் நச்சு தோலில் இழுபடுகிறது. கை போன வழியே ஒருநாள் கழித்துக் கொப்புளமாகிறது. அதற்குள் வண்டு காணாமல் போயிருக்கும், சுவரில் கண்ணுக்குத் தெரிவது சிலந்தி மட்டும். பழி அதன் தலையில் விழுவதில் வியப்பில்லை. அக்கியும் இப்படி ஒரு பக்கமாக வரிசை கட்டி வருவதுண்டு என்பதால், மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. விளக்கை அணைத்தோ சன்னலுக்கு வலை அடித்தோ வண்டைத் தடுக்கலாம். மேலே விழுந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

பருத்த, மயிரடர்ந்த கால்கள் கொண்ட மரச்சிலந்தி வீட்டுக்குள் வந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. அதன் கடி கடுமையாக வலிக்கும். உத்தரத்து மூலையில் தொட்டதும் உடலை வேகமாக ஆட்டும் நெட்டைக்கால் சிலந்தியும், சன்னலில் திரும்பித் திரும்பி நம்மைப் பார்க்கும் குதிக்கும் சிலந்தியும் கொசு, ஈ பிடிப்பவை. ஒட்டடை அடிக்கும்போது தூசி படிந்த பழைய வலைகளை மட்டும் எடுத்தால் போதும்.

உங்கள் வீட்டுச் சிலந்தியின் முட்டைப்பையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் வரலாம். மாமியாருக்கு அது ஒவ்வாதென்றால், வாயகன்ற டப்பா ஒன்றைச் சுவரோடு கவிழ்த்து, அடியில் அட்டையை மெல்லச் செருகி, இப்போதே கொல்லைப்புறத்தில் விட்டுவிடுங்கள்.