யூகோஸ்லாவியா: நடக்காமல் போன ஒரு தேர்தல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

யூகோஸ்லாவியாவைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். அது ஒட்டாத இனங்களைச் சேர்த்துச் செயற்கையாக உண்டாக்கிய நாடு, நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் இரும்புக்கை இருந்தவரை தாங்கியது, அவர் போனதும் ஆயிரம் வருஷப் பகை வெடித்தது என்கிறார்கள். பிரிந்துபோன ஸ்லோவேனியாவுக்கும் குரோஷியாவுக்கும் ஜெர்மனி அவசரப்பட்டு அங்கீகாரம் கொடுத்ததுதான் போருக்குக் காரணம் என்றும் ஒருவர் சொல்கிறார். பல இனங்கள் ஒரே நாட்டில் வாழ முடியாது என்பதற்கு இதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாமா?

ஆர்., கோயம்புத்தூர்

அன்புள்ள ஆர்.,

கூடாது என்றுதான் நினைக்கிறேன். இந்த 'ஆயிரம் வருஷப் பகை' பேச்சு 1992லேயே ஐரோப்பியத் தலைவர்களிடம் இருந்தது. போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் குண்டு விழும்போது கையைக் கட்டிக்கொண்டிருக்க அது வசதியான காரணமாக இருந்தது.

ஆயிரம் வருஷம் என்பதே கணக்கில் வராது. செர்பிய அரசும் குரோஷியர்களின் நிலமும் ஒரே நாடாக ஆனது 1918 டிசம்பர் 1 அன்றுதான். அதற்கு முன் குரோஷியாவும் ஸ்லோவேனியாவும் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் இருந்தன. செர்பியா ஓட்டோமான் பிடியிலிருந்து விடுபட்ட தனி அரசு. பேரரசு சிதைந்ததும், அட்ரியாட்டிக் கடற்கரையை இத்தாலி விழுங்கிவிடும் என்ற பயத்தில் ஸ்லோவேனிய, குரோஷியத் தலைவர்களே செர்பியாவுடன் சேர முன்வந்தார்கள். குரோஷியர்களில் பலர் கூட்டாட்சியை எதிர்பார்த்தார்கள். 1921 அரசியல் சட்டமோ அதிகாரத்தை செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் குவித்தது. 1928ல் குரோஷிய விவசாயிகள் கட்சித் தலைவர் ஸ்டெபான் ராடிச்சை நாடாளுமன்றத்துக்குள்ளேயே ஒரு சக உறுப்பினர் சுட்டார். சில வாரங்களில் ராடிச் இறந்தார். அடுத்த ஜனவரியில் மன்னர் அலெக்சாண்டர் அரசியல் சட்டத்தையே ரத்து செய்தார். யூகோஸ்லாவியா என்ற பெயர் அதிகாரபூர்வமாக வந்ததும் அந்தச் சர்வாதிகாரத்தில்தான்.

உண்மையான காயம் 1941ல் விழுந்தது. ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் நாட்டைத் துண்டு போட்டு, குரோஷியாவையும் போஸ்னியாவையும் உஸ்தாஷா என்ற குரோஷிய பாசிஸ்டுகளிடம் கொடுத்தார்கள். யசேனோவட்ஸ் முகாமில் மட்டும் 80,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பெரும்பான்மை செர்பியர்கள், கூடவே யூதர்களும் ரோமா (ஜிப்சி) மக்களும். செர்பிய செட்னிக் படைகள் தங்கள் பங்குக்கு முஸ்லிம்களையும் குரோஷியர்களையும் கொன்றன. 1991ல் இதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள். அம்மா சொல்லி மகன் கேட்டிருந்த கதை அது. பயமுறுத்தவேண்டும் என்று நினைத்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சரி, டிட்டோவுக்கு வருவோம். அவருடைய கொரில்லாப் படையில் எல்லா இனத்தாரும் இருந்தார்கள், 1948ல் ஸ்டாலினையே எதிர்த்து நின்றார், இரண்டும் பெரிய விஷயங்கள். ஆனால் அந்த இரும்புக்கை யாரை நசுக்கியது என்பதையும் பார்க்கவேண்டும். 1971ல் குரோஷியச் சீர்திருத்தத் தலைவர்களையும், 1972ல் செர்பியாவின் தாராளவாதிகளையும் பதவியிலிருந்து தூக்கினார். பின்னால் உட்கார்ந்து பேசி ஒரு வழிக்கு வந்திருக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். மிஞ்சியவர்கள் கட்சிப் படிக்கட்டில் ஏறத் தெரிந்தவர்கள்.

1980ல் டிட்டோ இறந்தபின் நாட்டுக்குத் தலைவர் எட்டுப் பேர் கொண்ட குழு. ஆறு குடியரசுகளுக்கும் செர்பியாவுக்குள் இருந்த கொசோவோ, வொய்வொடினா என்ற இரு தன்னாட்சி மாகாணங்களுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. கடனோ சுமார் 2,000 கோடி டாலர். அதை அடைக்க இறக்குமதியை வெட்டியதில் காபித்தூளுக்கும் சலவைத்தூளுக்கும் வரிசை, பெட்ரோலுக்குக் கூப்பன். 1989ல் விலைவாசி ஆண்டுக்கு 1,000 சதவீதத்துக்கு மேல் ஏறியது. இந்தக் கோபத்தைத்தான் செர்பியத் தலைவர் மிலோசெவிச் கையில் எடுத்தார். 1988-89ல் தெருப் போராட்டங்களைத் திரட்டி வொய்வொடினா, மான்டெனெக்ரோ தலைமைகளைக் கவிழ்த்தார், கொசோவோவின் தன்னாட்சியைப் பறித்தார். செர்பியாவின் வாக்கோடு சேர்த்து எட்டில் நான்கு அவர் பைக்குள். மற்ற குடியரசுகள் அந்தக் குழுவை எப்படி நம்பும்? அதன்பின் ஸ்லோவேனியா விலகப் பார்த்ததற்குப் பழம்பகை எதுவும் தேவைப்படவில்லை.

இன்னொரு வழியும் இருந்தது. பிரதமர் ஆன்டே மார்கோவிச் 1989 டிசம்பரில் நாட்டு நாணயமான தினாரின் மதிப்பை ஜெர்மன் மார்க்கோடு கட்டினார். சில மாதங்களிலேயே விலைவாசி அடங்கியது. நாடு முழுக்க அவருக்கு நல்ல பெயர். ஆனால் 1990ல் பல கட்சித் தேர்தல் வந்தபோது ஒவ்வொரு குடியரசும் தனித்தனியாக வாக்களித்தது, ஏப்ரலில் ஸ்லோவேனியா தொடங்கி டிசம்பரில் செர்பியா வரை. மார்கோவிச் கட்சி தொடங்கியதே ஜூலையில், ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் வாக்களித்து முடித்த பிறகு. யூகோஸ்லாவிய நாடாளுமன்றத்துக்கு என்று ஒரு பல கட்சித் தேர்தல் கடைசிவரை நடக்கவே இல்லை. நாடு வேண்டுமா என்று அந்த நாட்டு மக்களை ஒன்றாக நிறுத்தி யாரும் கேட்கவில்லை. என் பார்வையில் யூகோஸ்லாவியா செத்தது இங்கேதான். தன் குடியரசுக்குள் மட்டும் ஓட்டுக் கேட்பவர் பக்கத்து இனத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, லாபம் மட்டும்தான்.

ஜெர்மனி விஷயம். அது அங்கீகரித்தது 1991 டிசம்பரில். குரோஷியாவின் வுகோவார் நகரம் நவம்பரிலேயே தரைமட்டமாகி விழுந்துவிட்டது. போரைத் தொடங்கிவைத்தது அங்கீகாரம் அல்ல.

1992 ஏப்ரல் தொடக்கத்தில் சரயேவோவின் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் ஆயிரக்கணக்கானவர்கள் போர் வேண்டாம் என்று கூடினார்கள். முஸ்லிம்கள், செர்பியர்கள், குரோஷியர்கள் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எதிரே இருந்த ஹாலிடே இன் ஓட்டலிலிருந்து அவர்களைச் சுட்டார்கள். அதற்கப்புறம் போஸ்னிய செர்பியப் படையின் கிட்டத்தட்ட நான்கு ஆண்டு முற்றுகை. 1995 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்டிருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். போஸ்னியாவில் மொத்தம் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். இவர்களை 'பழம்பகைக்குப் பலியானவர்கள்' என்று சொன்னால் கட்டளையிட்டவர்கள் தப்பித்துவிடுவார்கள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம், அந்தக் காணொளி அநேகமாகச் சொல்லியிருக்காத ஒன்று. 1981 கணக்கெடுப்பில் 12 லட்சம் பேர் தங்களை எந்த இனமாகவும் பதியாமல் 'யூகோஸ்லாவியர்' என்றே எழுதினார்கள். கலப்புத் திருமணம் செய்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இதில் நிறைய. 1995ல் போரை முடித்த டேட்டன் ஒப்பந்தம் கொடுத்த போஸ்னிய அரசியல் சட்டத்தில் இவர்களுக்கு இடமே இல்லை. தலைமைக் குழுவில் ஒரு போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), ஒரு செர்பியர், ஒரு குரோஷியர், மூன்றே பேர். மற்றவர்கள் அந்தப் பதவிக்குப் போட்டியிடக்கூட முடியாது. டெர்வோ செய்டிச் என்ற ரோமாக்காரரும் யாகோப் ஃபின்ட்சி என்ற யூதரும் இதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போய் 2009ல் ஜெயித்தார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியும் சட்டத்தின் அந்தப் பகுதி மாற்றப்படவில்லை.